நிரல் 742, நிரை 492

நான் முதன்முதலாகச் செய்த இணைய வரைபடத்தில், பண்டாரவளைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றின் கொழுந்து மடுவம் ஆர்க்டிக் சமுத்திரத்தில் கிடந்தது. ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடமேற்கே, பனிக்கட்டி மிதக்கும் கடலில், அழகான பச்சை நிறக் குறியோடு. அதைச் சொடுக்கினால் "கொழுந்து மடுவம்" என்று தமிழில் பெயரும் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை, சாதாரண தரம் எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருந்தவள், "சேர், அங்க கொழுந்து வளருமா?" என்று கேட்டாள்.

பிழை எளியது. பண்டாரவளை வட அகலக்கோடு 6.83 பாகையிலும் கிழக்கு நெடுங்கோடு 80.99 பாகையிலும் இருக்கிறது. நான் எண்களை இடம் மாற்றிப் போட்டிருந்தேன். வட அகலக்கோடு 80.99, நெடுங்கோடு 6.83 என்றால் வட துருவத்துக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் தொலைவுதான் மிச்சம். இணைய வரைபடம் பழகுகிற யாரும் ஒருமுறையாவது இந்தக் கடலில் விழுந்து எழுந்தே ஆகவேண்டும். ஏனென்றால் கருவிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. வரைபடத் தரவைச் சேமிக்கும் ஜியோஜேசன் என்ற வடிவம் நெடுங்கோட்டை முதலில் கேட்கும். அதே தரவைத் திரையில் காட்டும் லீஃப்லெட் என்ற நிரல்தொகுதி அகலக்கோட்டை முதலில் கேட்கும். முன்னது கணித ஆசிரியரின் பழக்கம்: குறுக்கே போகும் எக்ஸ் அச்சு முதலில், மேலே போகும் வை அச்சு பிறகு. பின்னது மாலுமியின் பழக்கம். கப்பலில் போனவர்களுக்குத் துருவ நட்சத்திரத்தையோ நண்பகல் சூரியனையோ பார்த்து அகலக்கோட்டைக் கணிப்பது பழைய வித்தை. நெடுங்கோட்டைச் சரியாகக் கணிக்க 18ஆம் நூற்றாண்டில் கடலில் ஓடும் நல்ல கடிகாரம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதலில் தெரிந்ததை முதலில் சொன்னார்கள். அந்த மாலுமிகளும் கணித வாத்தியார்களும் போட்ட சண்டையில் எங்கள் கொழுந்து மடுவம் கடலுக்குப் போய்விட்டது.

எண்களைத் திருப்பிப் போட்டதும் மடுவம் ஊருக்கு வந்தது. ஆனால் தன் இடத்துக்கு அல்ல, பக்கத்து ஓடைக்கு. நான் இரண்டே தசம இடங்களோடு நிறுத்தியிருந்தேன். பாகையின் இரண்டாம் தசமம் நிலத்தில் ஏறத்தாழ 1.1 கிலோமீற்றர், ஐந்தாம் தசமம் ஏறத்தாழ 1.1 மீற்றர். பத்தடி அகலக் காம்பரா ஒன்றை அடுத்த காம்பராவிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டுமென்றால் ஐந்து தசமங்கள் வேண்டும். ஆனால் தொலைபேசியின் ஜி.பி.எஸ். திறந்த வானத்தின் கீழேயே ஏறத்தாழ 5 மீற்றர் முன்பின் சொல்லும். மலைச்சரிவில், சவுக்கு மரங்களுக்கு அடியில் இன்னும் மோசம். செய்மதிகளில் பாதியை மலை மறைத்துவிடும், மீதிச் சமிக்ஞை பாறையில் பட்டுத் தெறித்துத் தாமதமாக வரும். ஒளி 1 நானோ செக்கனில் 30 சென்ரிமீற்றர் போகிறது. நேரத்தை அளந்து தூரத்தைச் சொல்லும் கருவிக்கு அந்தத் தாமதம்தான் பிழை. திரையில் எட்டுத் தசமங்கள் தெரிகின்றன என்பதற்காக அத்தனையையும் நம்புகிறவர்களைக் கண்டிருக்கிறேன். ஆறாம் தசமத்துக்கு அப்பால் இருப்பது வெறும் அலங்காரம்.

இந்த அத்தியாயத்தின் தலைப்பைச் சொல்லிவிடுகிறேன். தொலைபேசியில் நாம் விரலால் இழுத்துப் பார்க்கும் வரைபடம் ஒரே படம் அல்ல, ஓடுகளாகப் பரப்பப்பட்டது. முழு உலகமும் 256 புள்ளிக்கு 256 புள்ளி கொண்ட ஒரே சதுர ஓடாக இருப்பது பூச்சிய மட்டம். ஒரு மட்டம் உள்ளே போனால் அந்த ஓடு நான்காகப் பிரியும். அடுத்த மட்டத்தில் ஒவ்வொன்றும் மீண்டும் நான்காகும். பத்தாம் மட்டத்தில் குறுக்கே 1,024, நெடுக்கே 1,024, ஆக 1,048,576 ஓடுகள். ஒவ்வொன்றுக்கும் நிரல் எண்ணும் நிரை எண்ணும் உண்டு. மேல் இடது மூலையில் பூச்சியத்திலிருந்து எண்ணுவார்கள். அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் கொடுத்தால் எந்த ஓடு என்று உயர்தர மாணவன் கல்குலேற்றரில் கண்டுபிடித்துவிடலாம். பண்டாரவளைக்கு நான் கணக்குப் போட்டபோது நிரல் 742, நிரை 492 என்று வந்தது. இங்கே அதன் ஒரு பக்கம் ஏறத்தாழ 39 கிலோமீற்றர். எல்லைகளைக் கணித்துப் பார்த்து வியந்துபோனேன். பதுளை, வெலிமடை, அப்புத்தளை, எல்ல, பசறை, கொஸ்லந்தை, கீழே வெல்லவாய வரை எல்லாமே அந்த ஒரே ஓட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. பதுளை வடக்கு விளிம்பில் மயிரிழையில் தப்பி உள்ளே நிற்கிறது. ஊவாவின் தோட்டப்புற வாழ்க்கையில் பெரும்பகுதி ஒரு தபால்தலை அளவுச் சதுரத்தில்.

தொலைபேசி உலகம் முழுவதையும் இறக்குவதில்லை. திரைக்குத் தேவையான பத்துப் பன்னிரண்டு ஓடுகளை மட்டும் கேட்டு வாங்குகிறது. மலைக்குப் பின்னால் ஒரே ஒரு கோடு சிக்னல் மட்டும் கிடைக்கும் லயத்திலும் வரைபடம் மெல்ல மெல்ல ஒட்டுப்போட்டுக்கொண்டு வருவது அதனால்தான். லீஃப்லெட்டை உக்ரேனிய நிரலாளர் விளாடிமிர் அகஃபோன்கின் 2011இல் வெளியிட்டார். அது ஒரு சிறிய நிழற்படத்தைவிடக் குறைந்த அளவுள்ள கோப்பு. பழகுகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது அதுகூட அல்ல. நிரலே எழுதாமல் வரைபடம் செய்யவிடும் யூமேப் என்ற இலவசத் தளம் இருக்கிறது. ஒரு பின்னேரத்தில் ஒரு பிள்ளை தன் பாடசாலைக்குப் போகும் குறுக்குப்பாதையை அதில் வரைந்துவிடும். உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய ஆசைப்படுகிறபோது லீஃப்லெட்டுக்கு வரலாம்.

இனி அந்த ஓட்டை விரித்துப் பார்ப்போம்.

எல்ல பக்கம் நெருங்கினால் விடுதிகள், உணவகங்கள், ஒன்பது வளைவுப் பாலத்தைப் படமெடுக்க நிற்கும் மேடைகள் எல்லாம் பெயரோடு நெருக்கியடிக்கின்றன. இரண்டு விரலை மலைப்பக்கம் நகர்த்துங்கள். பச்சை. அதில் ஒரு தொழிற்சாலை, ஒரு பங்களா, வளைந்து வளைந்து போகும் ஒரு வீதி. பல இடங்களில் லயங்கள் சாம்பல் நிறச் சிறு செவ்வகங்களாக இருக்கும், அல்லது அதுவும் இராது. பெயர் இராது. தலைமுறை தலைமுறையாக மனிதர் வாழ்கிற இடம் அது. லயத்தில் இருப்பவருக்குத் தனி வீட்டிலக்கமோ வீதிப்பெயரோ இல்லாமல், கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து அங்கிருந்து கைமாறிப் போகும் வழக்கத்தை மலையகத்தில் பிறந்த யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. வரைபடத்தின் பச்சையும் அந்தக் கடிதத்தின் சுற்றுவழியும் ஒன்றுக்கொன்று உறவு.

பெயர்கள் இல்லாமல் இல்லை, ஏராளமாக இருக்கின்றன. தோட்டத்துக்குக் கம்பனிப் பதிவேட்டில் ஒரு பெயர், நம் ஆட்கள் வாயில் இன்னொரு பெயர். வெள்ளைக்காரத் துரைமாருக்காக அச்சான ஃபேர்கசன் விவரக்கொத்தில் தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களுக்கெனத் தனிப்பட்டியலே போட்டிருந்தார்கள்; ஆளை வழியனுப்ப வேண்டுமே. அந்தப் பட்டியலும் தோட்டத்தோடு நின்றுவிட்டது. தோட்டத்துக்குள்ளே மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு, ஏழாம் நம்பர் மலை, பிரட்டுக்களம், பிள்ளை மடுவம், பழைய தவறணை, மாடசாமி கல், ரோதைமுனி நிற்கிற மூலை என்று ஒவ்வொரு அடிக்கும் பெயர் உண்டு.

அந்தப் பெயர்களைச் சேர்ப்பதற்கு இன்று நம் கையில் இருக்கும் நல்ல வழி ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிவைத்த, யாரும் திருத்தக்கூடிய, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய உலக வரைபடம். ஒரு இடத்துக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றுக்கும் தனித்தனிப் பெயர்க்கட்டங்கள் அதில் உண்டு. அதன் ஒரு கட்டளையை முதல் நாளே மனதில் பதித்துவிட வேண்டும். கூகுள் வரைபடத்தைப் பார்த்துப் பெயரைப் பிரதி பண்ணக்கூடாது. உரிமை வேறு ஆளுடையது. நடந்து போய்ப் பார்த்ததை, கேட்டு அறிந்ததை, அனுமதி உள்ள செய்மதிப் படத்தில் கண்டதை மட்டுமே எழுதலாம். முதலில் இது தொல்லையாகத் தெரிந்தது. கூகுளிலும் அந்தப் பெயர்கள் இல்லை என்று கண்ட பிறகு தொல்லை தீர்ந்தது. நடப்பதைத் தவிர வேறு வழியே கிடையாது.

ஆகவே நடந்தோம். மழை விட்ட ஒரு சனிக்கிழமை, ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர் முன்னே, தொலைபேசியும் கொப்பியுமாக அந்தப் பிள்ளை நடுவே, மூச்சு வாங்கிக்கொண்டு நான் பின்னே.

"இது பீலியடி. எழுதிக்க மகள்."

"எந்தப் பீலி தாத்தா?"

"ரெண்டு இருக்கு. இது குடிக்கிற பீலி. கீழ, பிள்ளை மடுவத்துக்கு அங்கிட்டு இருக்கே, அது குளிக்கிற பீலி. மாத்தி எழுதிப்புடாத."

அவள் இரண்டு புள்ளிகள் வைத்தாள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நீரூற்றுக்கும் குடிநீருக்கும் குறிச்சொற்கள் உண்டு. பீலி இரண்டும் கலந்தது. மூங்கிலோ தகரமோ பிளாஸ்திக் குழாயோ வைத்து ஊற்றை இழுத்துவிட்ட வாய். விளக்கக் கட்டத்தில் அதைத் தமிழில் எழுதினோம். கிழவர் சற்று நின்று, யாரும் கேட்காமலே சொன்னார்: "மழைக்காலத்துல இது கலங்கி வந்துச்சுன்னா வாளிய அங்கயே போட்டுட்டுப் புள்ளைகளத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிரணும்னு எங்கப்பா சொல்லும். தண்ணி நின்னு போனாலும் அதேதான்."

அவருடைய அப்பா சொன்னது அறிவியல். மலைச்சரிவுக்குள் நீர் ஓடும் வழி மாறும்போது ஊற்று திடீரென்று கலங்கும், புதிய இடத்தில் பீறிடும், அல்லது வற்றும். நிலத்தில் வெடிப்பு, சாயும் மரங்கள், சுவரில் புதுக் கீறல் ஆகியவற்றோடு இதையும் மண்சரிவின் முன்னறிகுறியாகத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மக்களுக்குச் சொல்லிவருகிறது.

இந்த நிறுவனத்தின் வரைபடங்களைப் பற்றிப் பேசாமல் ஊவாவில் வரைபடக்கலை பேச முடியாது. மண்சரிவு அபாய வலயங்களைக் குறிக்கும் பணி 1990களின் முற்பகுதியில், ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் உதவியோடு, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில்தான் தொடங்கியது. சரிவின் சாய்வு, மண்ணின் தடிப்பு, அடிப்பாறையின் வகையும் அது சாய்ந்திருக்கும் திசையும், நீரோட்டம், நிலப்பயன்பாடு எனப் பலவற்றுக்கும் தனித்தனியே புள்ளி போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கூட்டுத்தொகை அதிகமான இடத்தைச் சிவப்பாக்குவது அதன் முறை. இன்றைய டிஜிட்டல் வரைபடத்தின் அடிப்படையும் அதே அடுக்கல்தான். கண்ணாடித்தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பதைப்போல.

கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டம் அப்படிச் சிவப்பான இடம். 2005இலும் 2011இலும் அங்கு குடியிருப்போரை அப்புறப்படுத்த வேண்டுமென்று நிறுவனம் எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலை ஏழரை மணியளவில், பிள்ளைகள் பலர் பாடசாலைக்குப் புறப்பட்டிருந்த வேளையில், மலை இறங்கி லயங்களை மூடியது. பலருடைய உடல்கள் கிடைக்கவே இல்லை. வரைபடம் இருந்தது, அது சரியாகவும் சொன்னது. ஆனால் லயத்தில் இருந்தவருக்கு அது ஒரு தாளாகக்கூடப் போய்ச் சேராத இடத்தில் இருந்தது. போய்ச் சேர்ந்திருந்தாலும் வேறு வீடு இல்லை. இரண்டையும் ஒன்றாகச் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. வரைபடம் வீடு கட்டித் தராது.

இன்னொன்றும் அன்று நடந்தது. முதல் நாளில் காணாமற்போனோர் நூற்றுக்கணக்கில் என்று செய்தி வந்தது. பிறகு எண்ணிக்கை நாளுக்கு நாள் வெகுவாகக் குறைந்தது. எந்த இடத்தில் எந்த லயம் நின்றது, அதில் எத்தனை காம்பரா, எத்தனை குடும்பம் என்ற எளிய பட்டியல் தேடுவோர் கையில் அந்தக் கணம் இருக்கவில்லை. அளவுத்திட்டத்தைப் பாருங்கள். அபாய வரைபடம் 1:50,000 அளவில் இருந்தால் ஒரு மில்லிமீற்றர் என்பது 50 மீற்றர். பத்தடி முகப்புள்ள பத்துக் காம்பராக்கள் வரிசையாக நிற்கும் லயம் 30 மீற்றர் நீளம். தாளில் அரை மில்லிமீற்றரைச் சற்றே தாண்டும், பென்சில் முனை. 1:10,000 அளவுக்கு வந்தால் லயம் 3 மில்லிமீற்றர், காம்பரா ஒரு மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்கு. சாதாரண தரப் பரீட்சைக்கு இடவிளக்கப்படத்தில் சமவுயரக்கோடு எண்ணிப் பழகிய பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் அவர்களே சொல்லிவிடுகிறார்கள், தாங்கள் எந்தப் பென்சில் முனைக்குள் தூங்குகிறோம் என்று.

விண்ணிலிருந்து அளந்தாலும் இதே தடுமாற்றம். 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பூமியைச் சுற்றி ராடரால் மலைகளின் உயரத்தை அளந்தது. இன்று இலவசமாகக் கிடைக்கும் அந்தத் தரவில் ஒரு கட்டம் 30 மீற்றர். ஒரு கட்டம் ஒரு லயம். லயத்துக்குப் பின்னால் நிற்கும் பத்தடி மண்வெட்டுச் சுவர் அதில் தெரியாது. ஆனால் இரவில் காம்பராவுக்குள் விழுவது பெரும்பாலும் அந்தச் சுவர்தான்.

இப்போது மழை எச்சரிக்கை வருகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் அம்பர், 150 தாண்டினால் சிவப்பு. சிவப்பு என்றால் வெளியேறுங்கள். எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவின் பெயரில் வரும்: பண்டாரவளை, எல்ல, ஹல்துமுல்லை, ஹாலி எல, பசறை. ஒரு பிரிவுக்குள் எத்தனை மலை, எத்தனை லயம்! வானொலியில் பிரிவின் பெயர் கேட்பதற்கும் "மேல்லயம், குடிக்கிற பீலிக்கு மேற்குப்புறம்" என்று கேட்பதற்கும் இடையில் உள்ள தூரத்தை நிரப்பப் பெயருள்ள வரைபடம் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது பதுளை மாவட்டம் மிக மோசமாக அடிபட்டவற்றில் ஒன்று. அந்த இரவுகளில் எங்கே போக வேண்டும், எந்தப் பாதை அறுந்தது என்று தொலைபேசியில் கேட்ட குரல்கள் வரைபடத்தில் இல்லாத பெயர்களையே சொல்லிக்கொண்டிருந்தன.

ஊர் சேர்ந்து வரைய முடியும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். 2012, 2013இல் உலக வங்கியின் திறந்த நகரங்கள் திட்டத்தின் கீழ், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தோடு சேர்ந்து, மட்டக்களப்பின் மண்முனை வடக்குப் பிரிவில் ஏறத்தாழ 30,000 கட்டிடங்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் குறித்தார்கள். எத்தனை மாடி, என்ன சுவர், என்ன கூரை என்ற விவரங்களோடு. சுனாமியும் வெள்ளமும் கண்ட ஊருக்கு அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மலைக்கு அது ஏன் இன்னும் அந்த அளவில் வரவில்லை என்று நான் கேட்கிறேன்.

வரையும்போது வரும் சிக்கல்களில் இரண்டைச் சொல்லிவிடுகிறேன், மற்றவற்றை நீங்களே தடுக்கி விழுந்து கற்றுக்கொள்வீர்கள்.

ஒன்று தெமோதரை. 1924இல் பதுளையை எட்டிய புகையிரதப் பாதை, உயரத்தைச் சமாளிக்க அங்கே மலையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, தான் கடந்துவந்த நிலையத்துக்கே அடியில் சுரங்கத்துக்குள் நுழைகிறது. தாளில் அது தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும் ஒரு கோடு. பழகுகிறவர் வெட்டும் இடத்தில் ஒரு புள்ளியை வைத்து இரண்டையும் இணைத்துவிடுவார். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கணினிக்கு இணைத்த புள்ளி என்றால் சந்தி. நிலையத்திலிருந்து சுரங்கத்துக்குள் புகையிரதம் நேராகக் குதிக்கலாம் என்று அது வழி சொல்லும். இணைக்காமல் விட்டு, கீழ்க்கோட்டுக்குச் சுரங்கம் என்றும் ஒரு தளம் கீழே என்றும் குறிக்க வேண்டும். தோட்டத்தில் இதே பிழை படிக்கட்டும் கார்ப்பாதையும் சந்திக்கும் இடங்களில் வரும். நோயாளியை ஏற்ற வந்த வாகனத்தைப் படிக்கட்டில் இறங்கச் சொல்லும் வரைபடம் இல்லாத வரைபடத்தைவிடக் கேடானது.

மற்றது நம் எழுத்து. "பண்டாரவளை"யில் ஐகாரக் குறி ளகரத்துக்கு முன்னால் நிற்கிறது. கணினியோ முதலில் ளகரத்தையும் பிறகு குறியையும் சேமிக்கிறது. காட்டும்போது இடம் மாற்றிக் கோர்ப்பதற்கு ஒரு தனி இயந்திரம் வேண்டும். ஓடு முழுவதையும் சேவையகத்திலேயே படமாக வரைந்து அனுப்பும் பழைய முறையில் இது சரியாக வரும். கோடுகளையும் எழுத்துகளையும் தனித்தனியே அனுப்பித் தொலைபேசியில் வரையும் புதிய முறையில், பல கருவிகள் எழுத்தை எழுத்தாக ஒட்டிக்கொண்டு போகும். குறி தனியே கழன்று கடைசியில் விழும். கொஸ்லந்தையின் கொகரம் இரண்டாக உடையும். எங்கள் முதல் வரைபடத்தில் எல்ல ஒன்றுதான் அதிகச் சேதாரமில்லாமல் தப்பியது. இந்திய மொழிகளையும் கெமர் எழுத்தையும் பல ஆண்டுகளாக வாட்டும் குறை இது, மெல்லத்தான் தீர்ந்துவருகிறது. அதுவரை புதுக் கருவியைத் தெரிவு செய்யுமுன் உங்கள் ஊர்ப்பெயரை அதில் ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

இந்த ஓட்டுக்குள்ளேயே, பண்டாரவளையிலிருந்து சில கிலோமீற்றரில், தியத்தலாவையில், நில அளவையாளர்களைப் பயிற்றும் அரச நிறுவனம் இருக்கிறது. நில அளவைத் திணைக்களத்தின் வயது 1800 ஓகஸ்டிலிருந்து எண்ணப்படுகிறது. அவர்களின் பழைய படத்தை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தப் படங்கள் பூமியின் வடிவத்துக்கு வேறொரு கணிப்பைக் கொண்டவை. தொலைபேசியின் ஆள்கூறுகளை அப்படியே அவற்றில் போட்டால் புள்ளி 100 மீற்றருக்கும் மேல் தள்ளி விழும். லயம் பள்ளத்தாக்குக்குள் போய்விடும்.

இனி, திரையில் ஓர் இடத்துக்குள் நடந்து பார்ப்பதுபோன்ற மெய்நிகர் உலாவுக்கு வருகிறேன். பிள்ளைகளுக்கு ஆசை அதில்தான். வரைபடத்தைச் சோறு என்று சொல்லி உலாவைப் பாயசமாக வைத்திருக்கிறேன்.

சுற்றிலும் தெரியும் படத்துக்கு வயது அதிகம். எடின்பரோவில் ஓவியம் வரைந்துவந்த ரொபர்ட் பார்க்கர் 1787இல் வட்டச் சுவரில் முழு நகரத்தையும் வரையும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நடுவே நின்று திரும்பித் திரும்பிப் பார்க்கலாம். அதை நடந்துபோகும் உலாவாக்கியது 1978இல் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தின் அஸ்பென் திரைவரைபடம். அஸ்பென் கொலராடோவில் ஒரு மலைநகரம். காரின் கூரையில் நான்கு கமராக்கள், பத்து அடிக்கு ஒரு படம், எல்லாம் லேசர் தட்டில். திரையைத் தொட்டால் சந்தியில் திரும்பலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் இலையுதிர்காலம் பனிக்காலமாகும். அந்தப் பொத்தானை ஊவாவுக்கு வைத்தால் என்ன காட்டலாம் என்று எண்ணிப் பாருங்கள். யூலையில் கச்சான் காற்று வறட்டி அடிக்கும்போது ஒரே மலை ஒரு நிறம். அந்த வறட்சியில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் பேர்பெற்ற வாசம் ஏறுகிறது. நவம்பரில் அதே மலை மூடுபனிக்குள்.

இன்றைய 360 பாகைக் கமராவில் முதுகோடு முதுகாக இரண்டு மீன்கண் வில்லைகள். இரண்டு அரைக்கோளங்களையும் மென்பொருள் தைத்து, அகலம் உயரத்தைப்போல் இருமடங்கான ஒரு நீள்சதுரமாக்குகிறது. உலகப் படத்தைத் தாளில் விரிப்பதைப்போலவே. உச்சியும் அடியும் இழுபடும். தையல் சரியாக விழுவது தூரப்பொருள்களுக்கு மட்டும். இரண்டு வில்லைகளும் சில சென்ரிமீற்றர் விலகி நிற்பதால், ஒரு மீற்றருக்குள் இருக்கும் பொருளை இரண்டும் வெவ்வேறு கோணத்தில் பார்க்கின்றன. தொழிற்சாலையில் உருளை இயந்திரத்துக்குப் பக்கத்தில் கமராவை வைத்து நாங்கள் எடுத்த முதல் படத்தில் இயந்திரம் நடுவே பிளந்திருந்தது, பக்கத்தில் நின்றவருக்கு மூன்று கைகள். ஒரு வில்லையின் முகம் நேராக இயந்திரத்தைப் பார்க்கும்படி திருப்பி வைத்ததும், தையல் வெறுஞ்சுவரில் விழுந்தது.

தெளிவிலும் ஏமாறக்கூடாது. 6,000 புள்ளி அகலமுள்ள படத்தை 360 பாகைக்குப் பங்கிட்டால் ஒரு பாகைக்குப் பதினேழு புள்ளிகூட வராது. நல்ல கண் ஒரு பாகைக்கு அறுபது வரை பிரித்தறியும். ஆகவே தேயிலைத் தரங்களின் பெயர்ப்பலகையைப் படிக்கவைக்க வேண்டுமென்றால் அதற்குத் தனிப்படம் எடுத்து, உலாவுக்குள் தொடுபுள்ளியாக வைக்க வேண்டும். பனெல்லம் என்ற இலவசக் கருவியில் இதற்குத் தேவை இரண்டு கோணங்கள்: எவ்வளவு திரும்பி, எவ்வளவு நிமிர்ந்து. வடக்கு எது என்பதையும் சொல்ல வேண்டும், வரைபடத்தின் அம்பு அதோடு சேர. தொழிற்சாலைக்குள் தொலைபேசித் திசைகாட்டியை நம்ப வேண்டாம், சுற்றிலும் இரும்பு. வெளியே வந்து, செய்மதிப் படத்தில் கூரையின் விளிம்பு நிற்கும் கோணத்தை அளந்து கொடுத்தோம்.

எந்தத் தொழிற்சாலை, எந்த லயம் என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி: எதைக் காட்டலாம், எதை விடலாம்? 360 கமராவுக்குப் பின்னால் யாரும் ஒளிய முடியாது. சாதாரணக் கமராவில் கொடியில் காயும் துணியைச் சட்டத்துக்கு வெளியே விடலாம். இதில் இஸ்தோப்பில் தலைவாரும் அக்கா, அடுப்படி, மருந்துப் போத்தல் எல்லாம் அகப்படும். லயத்தைச் சுற்றுலாப் பயணிக்குக் காட்சிப்பொருளாக்க எனக்கு விருப்பமில்லை. லய வாழ்க்கையைக் காட்ட வேண்டுமென்றால் கம்பளைப் பக்கம் பீக்கொக் தோட்டத்தில் 2007இல் திறந்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது; பழைய லயத்தையே அருங்காட்சியகமாக்கியது. ஆளில்லாத அந்த அறைகளுக்குள் கமராவை வைக்கலாம். குடியிருக்கும் லயத்தில் பீலியையும் படிக்கட்டையும் கோயிலையும் எடுங்கள், வாசற்படியில் நின்றுவிடுங்கள். உள்ளே வரச் சொன்னால் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள், கமரா பையிலேயே இருக்கட்டும்.

இதை வாசிக்கும் நீங்கள் ஒரு வேலை செய்ய வேண்டும். இன்றிரவு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் திறந்து, நீங்கள் பிறந்த தோட்டத்தைத் தேடுங்கள். குடிக்கிற பீலி எங்கே என்று பாருங்கள். இல்லாவிட்டால், வீட்டில் வயதான யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஒரு கணக்குத் திறந்து அந்தப் புள்ளியை வையுங்கள். அகலக்கோடு எது, நெடுங்கோடு எது என்று ஒருமுறை சரிபாருங்கள். பெயரைத் தமிழ்க் கட்டத்தில் தமிழிலேயே எழுதுங்கள், அவர் சொல்லும் விதமாக.